இடது கால் ஸ்கேட்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனைக் கையில் எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறாள். இது அவள் காதில் விழக் கூடாது.

நீ இங்குள்ள கடையில் சொல்லி அனுப்பிய ஐஸ் ஹாக்கி ஸ்கேட் வந்து சேர்ந்தது. பழையதே போதும் என்று சொன்னேன், யார் கேட்டீர்கள்? அதில் நான் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக ஓடுவேன். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை, விழுந்து விழுந்து நானே பழகியது. நீ சொன்னாய் என்று அம்மா அதைக் குப்பையில் போட்டுவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புதியதைக் கடைக்கு எடுத்துப்போனால் சூடாக்கி, காலின் வடிவத்துக்குப் பதமாக்கித் தருவார்களாம். நான் போகவில்லை. காலணியை அடுப்பில் வைப்பார்களா யாராவது? ஸ்கேட்டின் அடியில் இருக்கும் கத்திக்கு உறை மாட்டி வீட்டுக்குள்ளேயே நடந்து பழகினேன். “ஏங்க, இது வீடா, மைதானமா? தரையெல்லாம் போச்சு” என்று உன் அம்மா ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள்.

வலது ஸ்கேட்டில் முதல் நாளே விரல் இடித்தது. கையை விட்டால், முனையில் திணித்து அனுப்பிய காகிதம். எடுத்து எறிந்தேன். அதன்பின் வலது கால் சொன்னபடி கேட்டது. இடது மட்டும் அடங்கவில்லை. பனித்தளத்தில் இடதுபுறம் திரும்பினால் உடம்பு முன்னால் சாய்ந்துவிடும். தொப்பென்று விழுவேன். எங்கள் ஹாக்கி அணியில் ஒரு பல் டாக்டர் இருக்கிறாள், வாயாடி. “என்ன பெருசு, ஐஸுக்கு முத்தம் குடுத்துக்கிட்டே இருக்கீங்க, வீட்ல சொல்லட்டுமா?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

இடது கத்தி கோணல் என்று கடையில் போய்ச் சண்டை போட்டேன். “ஐயா, ரெண்டு கத்தியும் ஒரே மாதிரிதான் இருக்கு. கொஞ்சம் போட்டுக் காட்டுங்க, கால் எப்படி உக்காருதுன்னு பாக்கறேன்” என்றார் கடைக்காரர். என் காலை எனக்குத் தெரியாதா என்று கத்திவிட்டு வந்தேன்.

நேற்று ஆட்டம் முடிந்து கழற்றும்போது இடது காலுறையின் முனை சிவப்பாக ஒட்டியிருந்தது. ஸ்கேட்டுக்குள் கையை விட்டேன். இதிலும் அதே மாதிரிக் காகிதம். கல் போல இறுகி, இரத்தத்தில் ஊறியிருந்தது. இத்தனை நாளும் விரல்களை அதில் நசுக்கிக்கொண்டு விளையாடியிருக்கிறேன். பெருவிரல் நகம் பாதி பெயர்ந்துவிட்டது. வலிக்கவில்லை. இப்போதும் வலிக்கவில்லை. வலித்திருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன்.

இன்று காலையில் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு, அம்மாவின் தையல் ஊசியால் குத்திப் பார்த்தேன். கண்ணைத் திறந்திருந்தால் குத்துவது தெரிகிறது. மூடினால் தெரியவில்லை. பாதி உள்ளங்கால் வரை இப்படித்தான்.

எனக்குச் சர்க்கரை கிடையாது. பரிசோதித்தால்தானே இருக்கும் என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. உன் பெரியப்பாவும் செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாமல்தான் ஒரு நாள் வீடு வந்தார். பிறகு மருத்துவமனையில் போர்வை ஒரு பக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்ததை நீயும் பார்த்தாய்.

கட்டுப் போட்டு மேலே காலுறை மாட்டியிருக்கிறேன். வீட்டுக்குள் எதற்குக் காலுறை என்று அம்மா கேட்டாள். குளிர் என்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். அவளிடம் இன்னும் எத்தனை நாள் மறைப்பேன் என்று தெரியவில்லை.

டாக்டரிடம் நான் தனியாகப் போக மாட்டேன். போகச் சொல்லி மாப்பிள்ளையை விட்டுப் பேசவும் வைக்காதே. நீ வாங்கிய ஸ்கேட், நீதான் வந்து கடையில் மாற்ற வேண்டும்; என் முகத்தில் அந்தக் கடைக்காரர் விழிக்க மாட்டார். லீவு கேட்கும்போது அதையே சொல். அம்மாவிடமும் அதையே சொல். கடைக்குப் போகிற வழியில் வண்டியை நீ எங்கே நிறுத்தச் சொன்னாலும் இறங்குகிறேன். எதிர்த்துப் பேச மாட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் ஓடியாடி இருக்க வேண்டும். மழை, வேலை என்று தள்ளிப்போடாதேம்மா. வந்துவிடு.

உன்
அப்பா