கடலுக்குப் போகும் கல்

18-6-82

மேலூர் ரோட்டுக் குவாரியிலிருந்து கடற்கரைக்குக் கல் ஏற்றும் வேலை இவர் லாரிக்குக் கிடைத்துவிட்டது. ராமநாதபுரம் பக்கம் சங்குமேட்டில் அலை வீட்டு வாசலுக்கே வந்துவிட்டதாம். சர்க்கார் தடுப்புச் சுவர் கட்டுகிறது. அந்த ஊரை ஒட்டித்தான் என் கூடப்பிறந்த சோலையக்காவின் தென்னந்தோப்பு. “இனி மதினி கையால மீன்கொழம்பு” என்று இவர் சிரிக்கிறார். என் குழம்பு அம்புட்டு மோசமா?

நாலாம் வகுப்பில் இதைச் சொன்னேன். “கடலுக்குக் கரை கட்ட முடியுமா டீச்சர்?” என்று ஒருத்தி கேட்டாள். வைகையிலேயே தண்ணீர் பார்க்காத பிள்ளைகள்.

4-7-82

லாரியிலேயே போய் அக்காவைப் பார்த்து வந்தேன். அத்தான் போனதிலிருந்து தனியாகக் கிடக்கிறாள். எங்களோடு ஒத்தக்கடைக்கு வந்துவிடு என்றால், “ரெங்கிய விட்டுட்டு எங்கிட்டு வர?” என்பாள்.

ரெங்கி அவள் ஒரே மகள். ஆறு வயதில் காய்ச்சலில் போனாள். தோப்பின் கடலோரத்தில்தான் புதைத்தது. மேலே நட்ட தென்னங்கன்று மரமாகிக் காய்க்கிறது. அந்தக் காயை மட்டும் அக்கா விற்பதில்லை.

பெரியவர்கள் செத்தால் கல் ஊன்றி, மஞ்சள் பூசி, பாலூற்றி, கருமாதியன்று அந்தக் கல்லைத் தண்ணீரில் விட்டு வழியனுப்புகிறோம். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த வழக்கம் இல்லை. “எம்பிள்ளைய யாரும் அனுப்பி வைக்கவே இல்லையேடி” என்றாள், மீன் அரிந்துகொண்டே. எத்தனை வருஷமாக மனதில் வைத்திருந்தாளோ.

22-8-82

சுவர் முடிந்துவிட்டது. மீன்காரர் தெருவோடு நிறுத்திவிட்டார்கள். அனுமதி அவ்வளவுதானாம். சுவர் முடிகிற இடத்தில் கடல் திரும்பி, அக்கா தோப்பை முன்னைவிட வேகமாக அரிக்கிறதாம். ரெங்கி மரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே இப்போது ஒரு வண்டி போகிற இடம்கூட இல்லை. இதைச் சொல்லிவிட்டு இவர் சாப்பிடாமல் எழுந்து போனார்.

6-9-82

இவர் யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்திருக்கிறார். கூட்டாளி பால்பாண்டியண்ணனோடு போய், இரண்டு லோடு கல்லை அக்கா தோப்பில் இறக்கி, ரெங்கி மரத்துக்கு முன்னால் சரிவாகப் பதித்துவிட்டு வந்திருக்கிறார். நம் பக்கம் தண்ணீர் அரிக்காமல் இருக்கக் கண்மாய்க் கரைக்கு அலைகல் பதிப்பார்களே, அதே மாதிரி. “நம்மூர்க் கண்மாய் எங்கப்பன் காலத்துலருந்து நிக்குது. இது நிக்காதா?” என்கிறார். அக்கா இவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாளாம்.

இந்த மனுஷனைக் கட்டியதற்கு இன்றைக்கு எனக்குப் பெருமையாக இருக்கிறது. நேரில் சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும்.

11-11-82

விடாத மழை. பள்ளிக்கூடம் லீவு. அக்காவிடமிருந்து தகவல் இல்லை.

13-11-82

பால்பாண்டியண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ரெங்கி மரம் போய்விட்டது.

கல்லுக்கு அடியில் இருந்த மணலை அலை உருவிவிட்டது. கல் அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. கல்லில் மோதின தண்ணீர் இரண்டு ஓரமும் சுற்றிப் பின்னால் வந்து குழி பறித்திருக்கிறது. கல் போடாத பக்கத்து மரமெல்லாம் இன்னும் நிற்கிறதாம். “கண்மாய்த் தண்ணி கெடந்த எடத்துல கெடக்கும், தங்கச்சி. கடலு கெடக்குமா? நாங்க ரெண்டு பேரும் அத நெனைக்கலையே” என்று அழுதார்.

அக்கா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் துழாவினாளாம். என்ன கிடைக்கும் அங்கே? ஏக்கா, ஒனக்குன்னு இருந்தது அந்த ஒரு எடந்தானே— அதையுமா கடலு எடுக்கணும்—

28-11-82

அக்கா வந்துவிட்டாள். ஒரு டிரங்குப் பெட்டி, அவ்வளவுதான். லாரியில் ஏற மாட்டேன் என்று பஸ்ஸில் வந்தாள். இவர் “மதினி” என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். என்னிடம் மட்டும் சொன்னாள்: “அந்தக் கல்லப் போடாம இருந்தா இன்னும் கொஞ்ச நாள் எங்கூட இருந்திருப்பா.” இவர் காதிலும் விழுந்தது. சோற்றில் கையை வைத்தபடியே இருந்தார்.

யார் பக்கம் பேச? அவள் சொல்வதும் நிஜம். இவர் ஆசையாய்ச் செய்ததும் நிஜம்.

14-1-83

பொங்கல். “மதினிக்கு இன்னுங் கொஞ்சம் பொங்கல் வையி” என்கிறார் இவர். “போதும்னு சொல்லு” என்கிறாள் அக்கா. ஒரே அறைதான். நடுவில் நான் தபால்காரி.

9-3-83

சுவரை அக்கா தோப்பு வரை நீட்டுகிறார்களாம். இப்போது. இந்தத் தடவை ஆழத் தோண்டிப் பெரிய கல்லாகப் போடுகிறார்கள். இவரை மறுபடி கூப்பிட்டார்கள். “நான் போகல” என்று சொல்லிவிட்டார். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. ஆய்ந்தபடியே என்னிடம், “போகச் சொல்லு” என்றாள்.

21-3-83

காலையில் கல் ஏற்றின லாரி வாசலில் நின்றது. அக்கா குளித்து ஈரத்தலையோடு வந்தாள். கையில் மஞ்சள், ஒரு சொம்பு பால். பின்பலகையை இறக்கச் சொல்லி, ஓரத்துக் கல் ஒன்றுக்கு மஞ்சள் பூசினாள். பால் ஊற்றினாள். தெருவே பார்த்தது.

பிறகு இவரைப் பார்த்தாள். “தம்பி, இத அவ மரம் நின்ன எடத்துல தண்ணியில எறக்கணும். நானும் வாரேன்.”

இவர் தலையை ஆட்டினார். அக்கா தானாகவே முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

ஓடிப்போய் இரண்டு பேருக்கும் சோறு கட்டிக்கொண்டு வந்தேன். அக்கா பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “தம்பிக்கு ஊறுகா வச்சியா?” என்று கேட்டாள்.