டியர் இருளாண்டி

பெம்பான்
19.9.1999

அன்பு மகள் தேவமலருக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்பு சுகம், பினாங்கில் நீயும் சுகமாக இருக்க வேண்டும், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையாவது. நின்றுகொண்டு படிக்காதே, பேக்டரி ஆஸ்டல் கட்டிலில் உட்கார்ந்துகொள்.

நீ கம்ப்யூட்டர் வழியாகப் படிக்கும் ஆஸ்திரேலியாப் படிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். எல்லாமே கம்ப்யூட்டரில் வரும், தபாலே கிடையாதுப்பா என்று நீ சொன்னதை அப்படியே நம்பிவிட்டேன். போன மாதம் நம் வீட்டு விலாசத்துக்கு டி. இருளாண்டி என்று ஒரு கடிதம் வந்தது. என் அடையாள கார்டு ஐ.சி.யில் உன் தாத்தா பெயரை இங்கிலீஷில் டி போட்டு டொரைசாமி என்று எழுதியிருக்கும், அதனால் அந்த டி நான்தான் என்று நினைத்தேன், தேவமலருக்கும் டிதான், வெள்ளைக்காரன் அப்பா பெயரைக் கடைசியில் போட்டுக் கூப்பிடுவான் என்பது இந்த மண்டையில் ஏறவில்லை. செங்கில் நான் காவல் பார்க்கும் பேக்டரி கேன்டீனில், கணக்கெழுதும் கிராணி சேகரனிடம் கொடுத்தேன், அவன் சத்தமாகப் படித்தான். டியர் இருளாண்டி, டிசம்பரில் கடைசிப் பரீட்சை எழுதுகிறாயா, உடனே உறுதி செய் என்று இருந்தது. கேன்டீனே சிரித்தது. அப்புசாமி எழுந்து நின்று, டேய், ஆறாம் வகுப்புலயே ரெண்டு வருசம் குந்துனவன் யூனிவர்சிட்டிக்குப் போறான்லா, இனி கேட்டுக்கு யாருடா ஜாகா என்றான். என் சட்டைப் பையில் சாக்பீஸ் வைத்தார்கள், ஒரு வாரம் புரொபசர் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் கூடவே சிரித்தேன், ஆனால் உள்ளே எரிந்தது. அந்த எரிச்சலில் சேகரனிடம் பதில் எழுதச் சொன்னேன். எனக்குப் படிப்பில் ஆசை இல்லை, என் பெயரை எடுத்துவிடுங்கள், இனிமேல் தொந்தரவு செய்யாதீர்கள். கடைசி வரி நானே சேர்க்கச் சொன்னது, அழகாகக் கையெழுத்தும் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது, அதையும் சேகரன்தான் படித்தான். தங்கள் விருப்பப்படியே பெயரை நீக்கிவிட்டோம், மறுபடி சேர்ந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், நல்வாழ்த்துகள். பிறந்த தேதி 4.5.1975 என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து, பாரு முனியம்மா, எழுபத்தஞ்சு அஞ்சாம் மாசம் நாலாம் தேதி பொறந்தேனாம், வெள்ளைக்காரன் எனக்கு இருபத்துநாலு வயசு ஆக்கிட்டான் என்று உன் அம்மாவிடம் சிரித்தேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், கை நின்றுவிட்டது. ஒரு எழுத்துப் படிக்கத் தெரியாதவள், அது நம்ம மலரு பொறந்த நாளுங்க என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை, சோறு போடுகிறாள், தட்டு வைக்கும் சத்தம் மட்டும் பேசுகிறது.

இரண்டு வருஷம் ஷிப்ட் முடிந்து சைபர் கபேயில் கண் எரிய உட்கார்ந்து படித்தாய். அதை நான் ஒரு தபால் தலையில் முடித்துவிட்டேன். போன் செய்யத் தைரியம் வரவில்லை. நீயே ஐ.சி. நகலோடு எழுதினால் கேட்டாலும் கேட்பார்கள், சொல்ல முடியாது அண்ணே என்று சேகரன் உதட்டைப் பிதுக்குகிறான். இரண்டு கடிதமும் இதில் வைத்திருக்கிறேன். இன்றைக்கே எழுதும்மா. என்னைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள், நான் எங்கேயும் போய்விட மாட்டேன். வேளைக்குச் சாப்பிடு. மாரியம்மன் உன்னைக் காப்பாற்றட்டும், என்னிடமிருந்தும் சேர்த்து.

கீழே பெயர் எழுதக் கை வரவில்லை, அந்தப் பதிலில் இந்தக் கை போட்ட கையெழுத்தே போதும்.

இப்படிக்கு,
அப்பா