ஆயிரம் வருட வேலை

செவ்வாய்க்கிழமை. தீபாவளி முடிந்து ஒரு வாரம்.

இன்று அந்த மண்ணை நீளவாக்கில் அறுத்தோம். வடதுருவப் பக்கத்து உறைநிலத்திலிருந்து குழாயில் அடைத்து வந்த மண். அதைத் தோண்டிய ஆற்றங்கரையே சரிந்துபோய்விட்டது. இனி வேறு கிடைக்காது.

அங்கே மேல்மண் கோடையில் உருகும், குளிரில் உறையும். உறையும்போது வீங்கி நெளியும். அப்படியே மெல்ல மெல்ல மேலே இருக்கும் கறுப்பு மண் அடியில் போய்ச் சேரும். அந்த நெளிவைப் பார்க்கத்தான் எங்கள் சிங்கப்பூர் ஆய்வகம் அதை வரவழைத்தது.

தீபாவளிக்கு முன்தினம் நான்தான் கடைசியாகக் கிளம்பினேன். தேக்கா சந்தையில் பூ வாங்கும் அவசரம். வீட்டைப் பூட்டுகிற பழக்கத்தில் சுவரிலிருந்த சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டேன், மண் இருந்த ஃப்ரீசருடையதையும். விடுமுறை முடிந்து வந்தபோது குழாய்க்குள் மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்து வெறும் சேறு. யாரும் திறந்து பார்ப்பதற்குள் திரும்ப உறைய வைத்துவிட்டேன்.

கறுப்பு மண் அடிவரை சுருண்டு கிடப்பதை ஆய்வகத் தலைவி ஸ்டெல்லா மேடம் விரலால் காட்டினார்.

"பாரு மாலா, உறைஞ்சு உருகி எப்படிப் புரட்டிப் போட்டிருக்கு. ஆயிரம் வருஷ வேலை லா இது."

"ஆமா மேடம்" என்றேன்.

அவர் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார். இனி அதை வைத்துத்தான் எழுதுவார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று பார்த்தால், நேற்றும் அப்படித்தான் நினைத்தேன்.

படுக்கையிலிருந்து இவர் கேட்கிறார். "கிச்சன் சுவிட்செல்லாம் ஆஃப் பண்ணிட்டியா?"

தினமும் கேட்பதுதான். இன்று எழுந்து போய் ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.