நைனாவின் வலது கால்

ஜனவரி 17, சனி. திருப்பதி

காலையில் பனி. வார்டு ஜன்னலில் மலை இல்லை. எட்டரைக்கு மேல்தான் வந்தது.

வாங்க: சோப்பு, பஞ்சு, கையுறை ஒரு பெட்டி, அம்மாவுக்குத் தைலம். பள்ளிக்கு லீவு நீட்டிப்புக் கடிதம். பத்தாம் வகுப்பு உயிரியலை யார் எடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

நைனாவைத் திருப்ப: 6 இடப்பக்கம், 8 மல்லாக்க, 10 வலப்பக்கம். பிறகு மறுபடி முதலிலிருந்து. தவறினால் படுக்கைப்புண்.

டாக்டர் குண்டூசியோடு வந்தார். அப்பாவின் நெஞ்சிலிருந்து கீழே ஒவ்வொரு குத்தாக. "தெலுஸ்துந்தா?" "தெலுஸ்துந்தி சார்." தெரிகிறதா, தெரிகிறது. தொப்புளைத் தாண்டியதும் நைனா பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். டாக்டர் அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டார். போன வாரக் கோட்டின் மேலேயே விழுந்தது. ஆறு வாரமாக அதே எல்லை.

வெளியே வந்து கேட்டேன். அவர் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். அடிபட்டதும் தண்டுவடம் அதிர்ச்சியில் அடங்கிவிடும். அடிபட்ட இடத்துக்குக் கீழே அனிச்சைச் செயல்கூட இருக்காது. சிலருக்கு இது தெளிய வாரக்கணக்கு ஆகும். தெளிந்தபின் ஒரே ஒரு சோதனை முக்கியம். கடைசி நரம்புகள் போவது ஆசனவாயைச் சுற்றி. அங்கே கொஞ்சம் உணர்வு மிஞ்சியிருந்தாலும் மூளைக்கும் கீழுக்கும் இடையே ஒரு நூல் அறுபடாமல் இருக்கிறது. அனிச்சை திரும்பிய பிறகும் அங்கே ஒன்றும் தெரியவில்லை என்றால், நடக்கும் நம்பிக்கையை விட்டுவிட வேண்டியதுதான்.

ஒரு நூல் போதும். இன்று பூராவும் இதையேதான் ஜெபம் என்று சொல்லிக்கொண்டேன்.


ஜன. 18, ஞாயிறு

வெயில். பார்வையாளர் நேரத்தில் சித்தூரிலிருந்து தேவராஜ் மாமா. எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவர். சாத்துக்குடி, பன், சபையின் வாரத்தாள்.

"இன்னா டிரைவரே, பஸ்ஸ ஷெட்ல போட்டு எத்தினி நாளு? டெப்போல தேடிக்கினு கீறாங்க."

"இன்ஜின் நல்லா கீதுபா. பின்சக்கரம்தான் சுத்தல" என்றார் நைனா. இருவரும் சிரித்தார்கள். இருபத்தாறு வருடம் சித்தூர்-திருப்பதி பஸ்ஸை ஓட்டிய மனிதர்.

மாமா பக்கத்துப் படுக்கைக்காரரிடம் அன்றைய கதையைச் சொன்னார். டிசம்பர் முதல் வாரம், மொட்டைமாடியில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டும்போது கைப்பிடிச் சுவரிலிருந்து நைனா விழுந்தது. ஆம்புலன்ஸ் வர அரைமணி ஆகும் என்றது. எல்லாரும் சேர்ந்து தூக்கி உட்கார வைத்தது. சோடா. ஆட்டோ. "இவருக்கு உக்காரவே முடியல. இந்தப் பொண்ணுதான் நெஞ்சோட சேத்துப் பிடிச்சிக்கினு வந்துது. சாய வுடல. அது இல்லனா அன்னிக்கே போயிருப்பாரு."

பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி வெங்கடம்மா, பலமனேர் பக்கம், என் கன்னத்தைத் தொட்டு முத்திக்கொண்டார். "பங்காரு தல்லி." தங்கமான பெண்ணாம்.

நான் பாத்ரூம் போனேன்.

யாரிடமும் சொல்லாததை இங்கே. ஆட்டோவில் ஏற்றுவதற்கு முன் நைனாவின் செருப்பைக் கழற்றியவள் நான். வலது கால் பெருவிரல் அசைந்தது. மேலே, கீழே, இரண்டு முறை. பார்த்தேன். "சாயாத நைனா, நேரா உக்காரு" என்று இடுப்பைச் சுற்றிப் பிடித்து நிமிர்த்தினேன். கலெக்டரேட் தாண்டி இரண்டு வேகத்தடை. இரண்டாவதில் "மரத்துப் போச்சும்மா" என்றார். சித்தூர் கேஷுவாலிட்டியில் எதுவும் அசையவில்லை. எப்படிக் கொண்டு வந்தீர்கள் என்று கேட்டார்கள். உட்கார வைத்து என்றேன். அந்த டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு எழுதினார்.

உடைந்த முதுகெலும்பு, உட்கார வைத்தால் மடங்கும். மடங்கினால் உள்ளே இருக்கும் தண்டுவடத்தை நசுக்கும். பலகையில் மல்லாக்கக் கிடத்தி, கழுத்தும் இடுப்பும் திரும்பாமல் எடுத்து வர வேண்டும். முதலுதவிப் பாடத்தில் இருக்கிறது. நான் நடத்தும் பாடம்.

ஒருவேளை எப்படி வந்திருந்தாலும் இதுதான் ஆகியிருக்கும். தெரியாது. தெரியப்போவதும் இல்லை.


ஜன. 20, செவ்வாய்

காலை உடம்பு துடைக்கும்போது நைனாவின் கால் அசைந்தது.

அம்மா ஈரத்துணியால் உள்ளங்காலைத் துடைத்தாள். வலது முழங்கால் மடங்கி, பாதம் வெடுக்கென்று மேலே வந்தது. அம்மா கையிலிருந்த சொம்பு தரையில். "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்." வெங்கடம்மா ஓடி வந்தார். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"பிரேக்ல இருந்து கால எடுத்த மாரி இருந்துச்சி இல்ல?" என்றார் நைனா. முகம் முழுக்கச் சிரிப்பு. ஆறு வாரத்தில் முதல் முறை இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிட்டார்.

அம்மா சித்தூருக்குப் போன்மேல் போன். சித்திக்கு, தேவராஜ் மாமாவுக்கு, சபைப் போதகர் ஐயருக்கு. "கால் அசைஞ்சிடுச்சிங்க ஐயரே. ஞாயித்துக்கெழம நானே வந்து சாட்சி சொல்றேன்." வெங்கடம்மா தன் சாமிக்கு வேண்டிக்கொண்டார்: இந்த அண்ணன் எழுந்து நடந்தால் அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறுவாராம். அவருடைய கணவருக்கே இன்னும் கழுத்து நிற்கவில்லை.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன் போல. கன்னம் வலித்தது.

ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் வரைவேன். சூடான பாத்திரம், கை, சிவப்பு சாக்பீஸில் உள்ளே போகும் நரம்பு, நீலத்தில் வெளியே வரும் நரம்பு, நடுவில் தண்டுவடம். "மூளைக்குத் தெரியும் முன்பே கை இழுத்துக்கொள்ளும்" என்று பிள்ளைகளைச் சேர்ந்து சொல்ல வைப்பேன். படத்தில் மூளையை வரைவதே இல்லை. அந்தப் படத்துக்கு அது தேவையில்லை.

தண்டுவடத்தின் அதிர்ச்சி தெளிந்துவிட்டது. இவர்கள் எல்லாரும் கொண்டாடியது அதைத்தான்.


ஜன. 21, புதன்

மேகம். பதினொரு மணிக்குத் திரை போட்டார்கள். அம்மாவை மருந்து வாங்க அனுப்பிவிட்டேன். நைனாவை இடப்பக்கம் திருப்பி, தலைமாட்டில் நின்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இக்கட தெலுஸ்துந்தா?"

"எப்ப சார் தொடுவீங்க?"

தொட்டாகிவிட்டது. இன்னொரு முறை. குண்டூசி. விரல் வைத்து அழுத்தம். உள்ளே இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். நைனா நெற்றி நரம்பு புடைக்க என் கையை இறுக்கினார்.

"பிடிச்சேனா சார்?"

டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

வராந்தாவில் அரை நிமிடம். அனிச்சை முழுதாகத் திரும்பிவிட்டது, உணர்வு இல்லை, முழுமையான பாதிப்பு. இனி சக்கர நாற்காலிக்குத் தோள்களைப் பலப்படுத்த வேண்டும். "நேனு செப்பாலா, மீரு செப்தாரா?" நானே சொல்கிறேன் என்றேன். டீச்சர்தானே, நிதானமாகச் சொல்வீர்கள் என்றார்.

சொல்லவில்லை. அம்மா மருந்தோடு வந்தாள். இன்னா சொன்னாரு? தோளுக்குப் பயிற்சி தரச் சொன்னார் என்றேன். பொய் இல்லை.


ஜன. 22, வியாழன்

சொல்லவில்லை.

நைனா போர்வையை விலக்கச் சொல்லி வலது காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.


ஜன. 25, ஞாயிறு. சித்தூர்

நாளை திரும்பும்வரை நைனாவைத் திருப்புவது வெங்கடம்மா. முதல் பஸ். டிரைவர் என்னை அடையாளம் கண்டு டிக்கெட் வேண்டாம் என்றார். எடுத்தேன். வழி முழுக்க அவருடைய கால்களைப் பார்த்தபடி வந்தேன்.

பஸ்ஸிலேயே அம்மாவிடம் சொல்லிவிட நினைத்தேன். அவள் சாட்சியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீட்டிங்கில் ஒரு வார்த்தை பேசாதவள். கல்யாணப் புடவை. பிறகு சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

ஆராதனை முடிவில் ஐயர் கூப்பிட்டார். அம்மா எழுந்து நின்றாள். சீட்டைப் பார்க்கவே இல்லை. "செத்த கால கர்த்தர் அசைச்சாரு. நான் கண்ணால பாத்தேன்" என்றாள். அவ்வளவுதான் வந்தது. பெண்கள் பக்கம் முழுக்க அழுகை. அன்று நைனாவைத் தூக்கியவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள்.

வாசலில் தேவராஜ் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா, நாம அன்னிக்கி சும்மா இருக்கல."

இல்லை மாமா என்றேன்.

வீடு திறந்து துணி எடுத்தோம். மாடியில் நட்சத்திரம் பாதி கட்டியபடி தொங்குகிறது. மழையில் சாயம் போய்விட்டது. அம்மா: "இருக்கட்டும். அவுரே வந்து அவுக்கட்டும்."


ஜன. 26, திங்கள். திருப்பதி

குடியரசு தினம். ஆஸ்பத்திரி வாசலில் கொடி, எல்லாருக்கும் ஆரஞ்சு மிட்டாய். வெயில். காலை பஸ்ஸில் வந்ததும் அம்மா குளிக்கப் போன நேரம்.

நைனா மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு, "உக்காரு" என்றார். "நாலு நாளா ஒரு சோதன பண்ணிக்கினு கீறேன். தூக்குன்னு சொல்றேன். தூக்கல. எவ்ளோ சொன்னாலும் தூக்கல. உங்கம்மா ஜில்லுன்னு துணி வெச்சா தூக்குது. டிரைவர் இல்லாத வண்டி தானா உருள்றத நான் பாத்திருக்கேன். நீ டீச்சரு. சொல்லு. அது நானா?"

"இல்ல நைனா."

"அந்தச் சோதன?"

"ஒண்ணும் தெரியல. இனிமே வராதுன்னு சொன்னாங்க."

மிட்டாயைக் கடித்து விழுங்கினார்.

"அம்மா சாட்சி சொல்லிட்டாளா?"

"நேத்தே."

"அழுதாளா?"

"எல்லாருமே."

"பாவம். எப்ப சொல்றதுன்னு நான் பாத்துக்கறேன். நீ வாயத் தொறக்காத."

ஜன்னல் பக்கம் திரும்பினார். மலை தெளிவாக இருந்தது. நான் ஆரம்பித்தேன். "நைனா, அன்னிக்கி செருப்பு கழட்டறப்ப..."

"பெருவெரலு" என்றார். "ரெண்டு தபா. அது நான்தான் அசைச்சேன்."

என்னால் நிமிர முடியவில்லை.

"இதுவும் அம்மாவுக்குத் தெரிய வாணாம். தேவராஜுக்கும்." என் தலையில் கை வைத்தார். கை கனமாக இருந்தது. "மணி பாரு. பத்தாச்சி. திருப்பு."

வலப்பக்கம்.