லிண்டன்போர்டில் இன்று என்ன காலநிலை

எஸ்லிங்கன்,
ஜேர்மனி, 21 செப்டெம்பர்

அன்பின் அக்காவுக்கு,

நீயும் வெஸ்லி அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் வழக்கம். இந்த முறை அதை அப்படியே எழுத முடியவில்லை. கொஞ்சம் பொறு, அந்த இடத்துக்கு வருகிறேன்.

என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய அட்டை பத்து நாள் பிந்தி வந்தது. அதில் உங்கள் ஊர்த் தண்ணீர்த்தாங்கியின் படம் இருந்தது. நீ எழுதியிருந்தது மூன்று வரி. மூன்றாவது, ஏழு வருடமாக எழுதுகிற அதே வரி: "அப்பா கூப்பிட்டால் வாறன்."

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அப்பாவின் சொல்லை மீறி வெஸ்லி அத்தானுடன் நீ போன நாளிலிருந்து உன் ஊரைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நூலக வேலையில் இருப்பதால் இதற்கு யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. நிலஅளவை வரைபடங்கள், பழைய ரயில் நேர அட்டவணைகள், உங்கள் மாவட்டத்தின் நூற்றாண்டு மலர் எல்லாம் பார்த்துவிட்டேன். கான்சஸ் மாநிலத்து லிண்டன்போர்டில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள் என்று தெரியும். வீதிகள் மைலுக்கு ஒன்றாகக் கோடு கிழித்ததுபோல் ஓடுகின்றன. மாட்டு வண்டி ஒரே மூச்சில் திரும்ப வேண்டும் என்பதற்காக நடுத்தெருவை அவ்வளவு அகலமாக வைத்தார்களாம். ரயில் வந்த வருடமும் அது நின்ற வருடமும் தெரியும். கோதுமைக் களஞ்சியத்தின் வெள்ளைக் கோபுரம் பதினைந்து மைலுக்கு அப்பால் தெரியும் என்று மலரில் போட்டிருக்கிறது. நீ வீடு திரும்பும்போது முதலில் பார்ப்பது அதைத்தானே?

பெயர்தான் எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. அங்கே லிண்டன் மரம் கிடையாது. நடந்து கடக்கும் ஆற்றுத்துறையைத்தான் ஆங்கிலத்தில் போர்ட் என்பார்கள், ஆனால் கடப்பதற்கு ஆறும் இல்லை. கோடையில் வற்றிப்போகும் ஓர் ஓடைதான் வரைபடத்தில் இருக்கிறது. விடை மலரின் கடைசிப் பக்கங்களில் கிடைத்தது. அந்த ஊரைத் தொடங்கியவர்கள் முதலில் ஒஹாயோவில் இருந்தவர்கள். அங்கே ஓர் ஆற்றுத்துறை இருந்தது. ஜேர்மனியிலிருந்து கொண்டுபோன லிண்டன் கன்றுகளை அதன் கரையில் நட்டிருக்கிறார்கள். நாற்பது வருடத்தின் பின் அவர்களின் பிள்ளைகள் மேற்கே நிலம் கிடைக்கிறது என்று கிளம்பினார்கள். மரத்தையும் ஆற்றையும் கொண்டுபோக முடியாது. பெயரைக் கொண்டுபோனார்கள். ஆகவே லிண்டன்போர்ட் இரண்டு, ஒஹாயோவில் பெரியது, கான்சஸில் உன்னுடையது.

அதே மலரில், அவர்கள் வந்தபோது அது யாருமில்லாத நிலம் என்று ஒரு வரி வருகிறது. இரண்டு பக்கம் தள்ளி, அங்கிருந்த பூர்வகுடிகளைத் தெற்கே அனுப்பிய ஆண்டு போட்டிருக்கிறது. அப்பா அதைப் படித்திருந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்திருப்பார். நாங்கள் விட்டு வந்த ஊர்க் காணிகளைப் பற்றியும் யாரோ அப்படி எழுதியதைப் படித்த அன்று அதைத்தான் செய்தார்.

இங்கே எங்கள் வாசல் லிண்டன் மரம் அப்படியே இருக்கிறது. ஆனி மாதம் முழுக்கக் காரின் மேல் பிசுபிசுவென்று தேன்போல ஒழுகும். அப்பா வாளியும் துணியுமாக இறங்கி, "இந்த மரத்துக்கு வேற வேலையில்லை" என்று ஏசியபடி துடைப்பார். இந்த வருடம் துடைக்கவில்லை. இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டதாம். ஒக்டோபர் 21, செவ்வாய்க்கிழமை காலை சத்திரசிகிச்சை. நாள்தோறும் செய்கிற ஒன்றுதான் என்று வைத்தியர் சொன்னார். அப்பாவின் வயதையும் நீரிழிவையும் கணக்கில் எடுத்த பிறகு அவர் அந்தச் சொற்களைத் திரும்பச் சொல்லவில்லை. உனக்கு அறிவிக்கட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். "ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்ல வேண்டாம்" என்றார்.

எங்கள் வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் நிரப்புவது நீ, நீ போன பின் நான். எட்டு வயதில் நீ வரி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாய் என்று அம்மா இன்றும் பெருமையாகச் சொல்வா. வைத்தியசாலைப் படிவத்தை மட்டும் அப்பா என்னிடம் தரவில்லை. தானே பெரிய எழுத்தில் நிரப்பி உறையில் போட்டு ஒட்டிக்கொண்டு வந்தார். போன வியாழன் எங்களுக்கு அங்கே டெர்மின், வரச்சொல்லி நேரம் குறித்துக் கொடுத்திருந்தார்கள். மேசையில் இருந்த பெண் உறையைக் கிழித்துப் பார்த்துவிட்டு, இரண்டாவது தொடர்பாளருக்குத் தொலைபேசி எண் இல்லையே என்று தாளை என் பக்கம் திருப்பினாள்.

பிள்ளைகள்: 2. அவசரத்தில் அறிவிக்க வேண்டியவர்கள்: முதலில் நான். அடுத்தது, நாகமுத்து நிரோஜினி, மூத்த மகள், லிண்டன்போர்ட், ஒஹாயோ.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா தாளைத் தன் பக்கம் இழுத்தார். "என்ன பாக்கிறாய்? நம்பர் இல்லாட்டி விடச் சொல்லு. கொம்மாவுக்குச் சொல்லிப்போடாத" என்றார். கோயிலில் யார் கேட்டாலும் எனக்கு ஒரு பிள்ளைதான் என்று சொல்கிற மனிதர் அவர். சிறீதரன் மாமா உன் பெயரை எடுத்தார் என்பதற்காக அவருடனும் ஒரு வருடம் பேசாமல் இருந்தவர்.

அம்மாவுக்குச் சொல்ல ஒன்றுமே இருக்கவில்லை, அக்கா. அன்று பின்னேரம் நான் மெல்லத் தொடங்க, அவ வெங்காயம் உரித்தபடி சிரித்தா. "கொப்பர் காலமை எழும்பினவுடன முதல் போறது ஒஹாயோவுக்குத்தானே. பல்லு மினுக்க முதல் அங்க குளிரோ வெயிலோ எண்டு பாக்கோணும். எனக்குத் தெரியாதெண்டு நினைப்பு." பிறகு, உன்னிடம் நல்ல கம்பளிச் சட்டை இருக்குமோ என்று கேட்டா.

அப்பா குளிக்கப் போன நேரம் அவருடைய போனை எடுத்துப் பார்த்தேன். காலநிலைப் பக்கத்தில் முதலில் எஸ்லிங்கன், அதன் கீழ் லிண்டன்போர்ட், ஒஹாயோ. நீ விட்டுப்போன கடதாசித் துண்டில் ஊரின் பெயரை மட்டும் எழுதியிருந்தாய். அவர் அதைத் தட்டியிருப்பார், பெரிய ஊர் முதலில் வந்திருக்கும்.

போன வைகாசியில் உன் மாவட்டத்தில் சூறாவளி அடித்ததே, அந்த ஞாயிற்றுக்கிழமை காலை செய்தியைப் படித்துவிட்டு நான் சாப்பிட முடியாமல் இருந்தேன். அப்பா போனைப் பார்த்துவிட்டு, "நல்ல வெயில் போல" என்று சொல்லிப் புட்டைப் பிசைந்து சாப்பிட்டார். அவர் எங்கள் ஜன்னலைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு உன்னைப் பற்றி ஒரு கவலையும் இல்லை என்று நான் ஒரு வாரம் அவருடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அதை நினைக்கும்போது எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பிழை என்று நான் அவரிடம் சொல்லவில்லை. இத்தனை வருடமாக வேறொரு வானத்தைப் பார்த்திருக்கிறீர்கள் என்று எப்படிச் சொல்வது? அதோடு, நான் சொன்னால் "ஆர் பார்த்தது?" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அன்று படிவத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் அவருக்குத் தெரியாமல் ஒஹாயோவை வெட்டிவிட்டுக் கான்சஸ் என்று எழுதினேன். எண் எழுதும் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. என்னிடமும் உன் எண் இல்லை.

அக்கா, "அப்பா கூப்பிட்டால்" என்று இனி எழுதாதே. அவர் நாள்தோறும் காலையில் உன் வாசலுக்கு வந்துதான் போகிறார், வாசல்தான் மாறிவிட்டது.

அவருடைய எண்ணை ஒரு துண்டில் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். சத்திரசிகிச்சைக்கு முதல் நாள், ஒக்டோபர் 20 திங்கட்கிழமை, கூப்பிடு. உன் ஊரில் நண்பகல், தபாலகம் பூட்டும் நேரம், இங்கே மாலை ஏழு மணி. அப்போது வைத்தியசாலைக் கட்டிலில் தனியாக இருப்பார். மன்னிப்பு, கோபம், பழைய கதை ஒன்றும் எடுக்காதே. அப்பா, நான் இருப்பது கான்சஸில், இன்று இங்கே இப்படி இருக்கிறது என்று மட்டும் சொல். மழை என்றால் மழை என்று சொல், காற்று என்றால் காற்று என்று சொல். அவர் பேசாமல் இருந்தாலும் போனை வைத்துவிடாதே.

அந்தப் பெரிய வானத்தின் கீழ் உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

உன் எண்ணுக்காக ஒரு கட்டத்தைக் காலியாக வைத்திருக்கும்,
தங்கை சாரங்கா