ஒன்றேகால் ஷிப்ட் தூரம்

அக்கா, சொன்னால் சிரிப்பாய். இந்த வயதிலும் நான் விமானத்துக்கு டாட்டா காட்டுகிறேன். இன்று காலை கம்பெனி கேட்டில் நிற்கும்போது தலைக்கு மேலே ஒன்று போனது. சோற்று டப்பாவோடு கை தானாக எழுந்தது.

"யாருக்கும்மா டாட்டா? பைலட்டு சொந்தக்காரரா?" என்றார் செக்யூரிட்டி.

"ஆமா, மாமன் பையன்."

பழக்கம் உன்னுடையது. உன் பொண்ணு நர்ஸ் வேலைக்கு லண்டன் போனதிலிருந்து எந்த விமானம் பறந்தாலும் கையாட்டுவாய், அது ஐதராபாத் போனாலும் சரி.

பாட்டில் மூடி பொறுக்கும் பெல்ட் முன்னால் அடுத்தடுத்த ஸ்டூலில் கிடந்தோம். சங்கு ஊதும்வரை எழ முடியாது. நமக்கு எல்லாமே எட்டு மணி நேர ஷிப்ட் கணக்குதான். காய்ச்சல் என்றால் இரண்டு ஷிப்ட், பிரசவ வலி ஒன்றரை ஷிப்ட். சென்னைக்கும் லண்டனுக்கும் எவ்வளவு தூரம் என்று ஒருநாள் என் போனிடம் கேட்டாய். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல், நேராகப் பறந்தால் பத்து மணி நேரம் சொச்சம் என்றது. எட்டாயிரத்தைக் கேட்டதும் உன் முகம் சுருங்கிவிட்டது.

"அடப் போக்கா, ஒன்னேகா ஷிப்ட்டுதான். நம்ம ஓ.டி. பாத்துட்டு ஊட்டுக்குப் போறதுக்குள்ள அவ வந்து எறங்கிடுவா."

நீ சிரிக்கவில்லை. "அப்போ நான் செத்தா, அவ மூஞ்ச பாக்காம என்னத் தூக்க வுட்றாதடி."

"செத்தும் ஓ.டி.யா? சரி, படுத்துக்கினு இரு. நான் பாத்துக்கறேன்."

ஒருநாள் காலை நீ கம்பெனி வேனுக்கு வரவில்லை. நெஞ்சுவலியில் போய்விட்டாய் என்றார்கள். சாயங்காலமே எடுத்துவிட வேண்டும் என்றார் உன் தம்பி. "ஒன்னேகா ஷிப்ட்டு பொறுங்க, வந்துடுவா" என்று ஐஸ் பெட்டியோரம் உட்கார்ந்துவிட்டேன். நேர் விமானத்தில் இடமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. துபாயில் இறங்கி, அடுத்த விமானத்துக்குக் காத்துக் கிடந்தாள். போன் சொன்ன தூரத்தை நம்பி வாய் விட்டுவிட்டேன். ஒன்றேகால் ஷிப்ட் மூன்றாகிவிட்டது.

அவள் துபாயில் இருக்கும்போதே, ஏர்போர்ட்டிலிருந்து கிளம்பி செங்குன்றம் தாண்டிவிட்டாள் என்று கதை அளந்தேன்.

"இன்னாம்மா, செங்குன்றத்துலேர்ந்து நடந்து வர்றாளா?" என்றார் உன் தம்பி.

"ரோடு ஃபுல்லா லாரிண்ணே."

நான் எழுந்தால் உன்னைத் தூக்கிவிடுவார்கள். துபாயில் அவள், பெட்டிக்குள் நீ, பெட்டியோரம் நான். மூன்று பேரும் மாட்டிக்கொண்டோம். சங்கு ஊதத்தான் ஆளில்லை.

மறுநாள் மதியம் வந்தாள். கண்ணாடி மூடிமேல் விழுந்து அழுதாள். "ஒரு தபா தொறங்க மாமா, தொட்டுக்கறேன்."

"காலையில பூ மாத்தத் தொறந்ததே போதும். ஐஸ் போய்டும்மா."

அவளுக்கு இடம் விட எழுந்தேன். முடியவில்லை. பூ மாற்றும்போது என் முந்தானையும் மூடிக்குள் போயிருக்கிறது. உன் தம்பி தலையில் அடித்துக்கொண்டு மூடியைத் தூக்கினார். அவள் உன் கன்னத்தைத் தொட்டாள்.

முந்தானையில் முடிந்திருந்த வெற்றிலை பாக்கு பெட்டிக் குளிரில் விறைத்துக் கிடந்தது. வாயில் போட்டேன். கடைவாய்ப் பல் கூசியது. இன்னும் கூசுகிறது.