நாலாவது வரியைக் காணோம்

பிரசன்னா,

நீ தூங்கறே, நான் ஆபீஸ் கிளம்பறேன். ரசம் அடுப்பு மேல இருக்கு. போகும்போது சாவியை ஓனர் ஆன்ட்டிகிட்ட குடுத்துடு.

என் பிசிஓஎஸ் நீர்க்கட்டிக்கு மூணு கிளினிக் செலவையும் ஒப்பிட்டு நீ போட்ட எக்செல் ஷீட்டைப் பார்த்தேன். மாத்திரைக்குப் பச்சை, ஊசிக்கு மஞ்சள், ஐவிஎஃப்புக்குச் சிவப்பு. பிரமாதம். ஆனா மூணாவது வரிக்கு அப்புறம் நேரா அஞ்சு வருது. நீ மறைச்சு வெச்ச நாலாவதைத் திறந்தேன்: கணவருக்கு செமன் டெஸ்ட், ஆயிரம் ரூபாய். லிஸ்ட்லயே மலிவு அதுதான்!

நாளைக்குக் காலை எட்டு மணிக்கு உன் பேர்ல புக் பண்ணிட்டேன்.

சிந்து

பி.கு: ஊசியெல்லாம் கிடையாது, பயப்படாதே. துணை வேணும்னா, என் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் உனக்குப் பதிலா நீ அனுப்பின உங்க அம்மாவையே கூட்டிட்டுப் போ.